வரி கம்மி வீடு

சென்ற இதழில் எலுமிச்சை ஊறுகாயில் பூஞ்சணம் பூக்காமல் இருக்க வழி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். "ஊறுகாய் இருக்கட்டும் அக்கா. என் கணவருக்கு ஓசூரில் புது வேலை கிடைத்திருக்கிறது. மாநகராட்சிக்குள் வீடு பார்ப்பதா, வெளியே ஊராட்சிப் பக்கம் பார்ப்பதா என்று தினமும் எங்கள் வீட்டில் பட்டிமன்றம் நடக்கிறது. வெளியே வீட்டு வரி ரொம்பக் குறைவாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

ஓசூர் எனக்குப் பழக்கமில்லாத ஊர். ஆனால் இதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு 2024 கோடையில் நாங்கள் தெருத்தெருவாக அலைந்தோம். அந்தக் கதையைச் சொல்கிறேன். அதில் அந்தச் சகோதரிக்கு உபயோகமானது ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

எங்களுக்குத் திருச்சி, பொன்மலைப்பட்டி பக்கம். ஆயிரத்து ஐம்பது சதுர அடியில் சொந்த வீடு. குழாயில் நல்ல தண்ணீர், வாசலில் வேப்பமரம், கூப்பிடு தூரத்தில் காய்கறிக் கடை. இவர் பத்தொன்பது வருஷம் ஒரே ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இருந்தார். ஆர்டர் குறைந்து, சம்பளம் மாதம் ஒன்று என்பது போய் இரண்டு தவணையாகி, கடைசியில் "வேற எடம் பாத்துக்குங்க" என்று முதலாளியே வருத்தத்தோடு சொல்லிவிட்டார். அப்போது இவருக்கு 49 வயது. அந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள் என்று நான் சாமி படத்துக்கு முன் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரகடத்தில் கார் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. ஜூன் மாதம் சேர வேண்டும்.

வீட்டில் நாலு பேர். மகள் பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாள். அத்தைக்கு 72 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. படி ஏற முடியாது, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

இவர் போட்ட திட்டம் இதுதான்: திருச்சி வீட்டை விற்பது, வருகிற பணத்தில் சென்னைக்குத் தெற்கே, கம்பெனிக்குப் போக வசதியாக, ஒரு வீடு வாங்குவது. "கொஞ்ச நாள் வாடகைக்கு இருந்து பாக்கலாமே, என்னங்க?" என்று நான் மெதுவாக ஆரம்பித்தபோது, "அம்பது வயசுல வாடகை வீடாம்மா? ஊர்ல என்ன சொல்வாங்க? வேலை போயி வீட்டையும் தொலைச்சிட்டான்னு தானே சொல்வாங்க?" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. வேலை போன ஆண்பிள்ளையிடம் எந்த அளவுக்குப் பேசலாம் என்பது பெண்களுக்குத் தெரியும்.

மகளுடைய பழைய கணக்கு நோட்டில் இவர் கோடு போட்டார். ஊர், விலை, கம்பெனி தூரம், வரி என்று நாலு பத்தி. வரிக்கு எதற்குத் தனியாக ஒரு பத்தி என்று நினைப்பீர்கள். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்து வரியை உயர்த்தினார்களே, அந்தக் காயம் இவருக்கு ஆறவில்லை. சென்னையின் பழைய எல்லைக்குள் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 சதவிகிதம், 1200 வரை 75, 1800 வரை 100, அதற்கு மேல் 150 என்று ஏற்றினார்கள். சென்னையோடு 2011-ல் சேர்த்த பகுதிகளுக்கும் மற்ற ஊர்களுக்கும் அதே அளவுகளுக்கு 25, 50, 75, 100. எங்கள் திருச்சி வீடு 50 சதவிகிதத்தில் மாட்டியது. அரையாண்டுக்கு 1,100 கட்டிக்கொண்டிருந்தது 1,650 ஆயிற்று. சம்பளம் தவணையாக வந்துகொண்டிருந்த சமயம் அது. மனிதருக்கு அந்த ஐந்நூற்று ஐம்பது ரூபாய் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது.

முதலில் மேற்கு மாம்பலத்தில் சொந்தக்காரர் வீட்டுக்கு அருகே ஒன்று பார்த்தோம். கோயில், டாக்டர், மளிகை எல்லாம் காலடியில். அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் நாங்கள் வைத்திருந்த பணத்துக்கு அங்கே ஒரு ஹாலும் சமையற்கட்டும்தான் வரும். அங்கிருந்து ஒரகடம் போய்வருவதற்குள் இவர் பாதி உடம்பாகிவிடுவார். வரி பத்தியில் எழுதுவதற்கு முன்பே நோட்டில் அடித்துவிட்டோம்.

இரண்டாவதுதான் முடிச்சூர் தாண்டி ஒரு ஊராட்சியில் பார்த்த தனி வீடு. தாம்பரத்தில் இருந்து படப்பை வழியாக ஒரகடம் போகிற ரோட்டை ஒட்டி உள்ளே போக வேண்டும். இரண்டு பெட்ரூம், பின்னால் தென்னை ஒன்று, முன்னால் முல்லைப் பந்தல் போட இடம். 45 லட்சம். இவர் கேட்டைத் திறந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, மனசு அங்கேயே விழுந்துவிட்டது என்று. புரோக்கர் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சார், எல்லாத்தையும் விடுங்க. வரியைப் பாருங்க. வருஷத்துக்கே எண்ணூத்தி நாப்பது ரூவா. இதே வீடு கார்ப்பரேஷன்ல இருந்தா என்ன ஆகும்னு நெனைச்சுப் பாருங்க!"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா என்கிற பார்வை.

அத்தை மட்டும் உள்ளே வரவில்லை. முழங்கால் வலியோடு வாசல் திண்ணைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கே போனாலும் இப்படித்தான். எனக்குக்கூடச் சில சமயம் எரிச்சல் வரும். அன்றைக்கு அத்தை கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஏம்மா, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

அந்த அம்மா தயங்கவே இல்லை. கையில் இருந்த ஈரத்துணியோடு ஜன்னலைக் காட்டினார். "ரெண்டாயிரத்துப் பதினஞ்சுலயா? இந்த ஜன்னல் கட்டை வரைக்கும் பாட்டி. மொட்டை மாடியிலதான் ரெண்டு ராத்திரி இருந்தோம். பிரிட்ஜு மெதந்துச்சு. அப்புறம் மிக்ஜாம் புயல்ல வாசப்படியத் தொட்டுட்டு நின்னுடுச்சு."

2015 டிசம்பர் வெள்ளம் என்றாலே திருச்சிக்காரர்களான எங்களுக்குச் செம்பரம்பாக்கம் ஏரி, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் இவைதான் ஞாபகம். ஆனால் அடையாறு அதற்கு வெகு மேலே ஆதனூர்ப் பக்கத்தில் இருந்தே கிளம்பி, முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வருகிற ஆறு. சுற்றிலும் உள்ள ஏரிகள் நிரம்பினால் உபரித் தண்ணீர் அதில்தான் வந்து விழும். 2015-ல் அந்தப் பக்கம் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். மிக்ஜாம் வந்தது 2023 டிசம்பரில். நாங்கள் வீடு பார்த்ததற்கு ஆறே மாதம் முன்னால்! புது வெள்ளை அடித்திருந்த சுவரைப் பார்த்து நானும் ஏமாந்துதான் நின்றிருந்தேன்.

புரோக்கரிடம் கேட்டதற்கு, "எங்க சார் வரல தண்ணி? மெட்ராஸ் பூராத்தான் வந்துச்சு" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. வேளச்சேரியிலும் வந்தது, பள்ளிக்கரணையிலும் வந்தது. ஆனால் மழைத் தண்ணீர் முழங்கால் வரை நிற்பதும், ஆறு ஜன்னல் வரை வருவதும் ஒன்றாகிவிடுமா?

இவர் வழி நெடுகப் பேசவில்லை. பஸ்ஸில் மட்டும் ஒரு தடவை, "பீடத்தை மூணு அடி ஏத்திக் கட்டினா?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாவது வீடு கிழக்குத் தாம்பரத்தில், ஒரு ஃப்ளாட். இரண்டாவது மாடி, லிப்ட் உண்டு. இது தாம்பரம் மாநகராட்சி. 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் பக்கத்துப் பேரூராட்சிகளையும் சேர்த்து உண்டாக்கியது. ரயில் நிலையம் நடக்கிற தூரம், மேற்குப் பக்கம் இறங்கினால் இவருக்குக் கம்பெனி பஸ். மகளுக்குப் பிளஸ் ஒன் சேர நடந்தே போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருப்பதால் அத்தையின் முழங்காலுக்கு எண்ணெய் வைத்தியம் பார்க்கலாம் என்று நான் வேறு கணக்குப் போட்டுவிட்டேன். குரோம்பேட்டையில் என் ஓரகத்தி இருக்கிறாள், அவசரத்துக்கு ஆள் துணை. புரோக்கர் 980 சதுர அடி என்றார். விலை 52 லட்சம், பேசிப் பார்க்கலாம் என்றார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்கிறேன்.

முன்பணம் கொடுக்க இவர் ஐம்பதாயிரம் ரூபாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். "வரி ரசீதைக் காட்டுங்கள்" என்று கேட்டது நான்தான். அப்போதுகூட வரி எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், வேறு யோசனை இல்லை. வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார். அரையாண்டுக்கு 640 ரூபாய். இவர் முகம் மலர்ந்துவிட்டது. மாநகராட்சியிலும் இவ்வளவு கம்மியா!

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் திருச்சி வீடு ஏறக்குறைய இதே அளவு. அதற்கு 1,650. இதற்கு எப்படி 640? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ரசீதில் இருந்த வரிவிதிப்பு எண்ணை மகள் போனில் போட்டுப் பார்த்தாள். (நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென்று இருக்கிற இணையதளத்தில் இதைப் பார்க்க முடிகிறது.) கட்டிட அளவு 560 சதுர அடி என்று இருந்தது. பெயரும் இவர் பெயர் இல்லை. இவருக்கு விற்ற, காலமாகிவிட்ட முந்தின சொந்தக்காரர் பெயர். போதாததற்கு மூன்று அரையாண்டு பாக்கி.

"மிச்ச நானூத்தி இருபது அடி எங்க சார்?" என்று கேட்டேன்.

பால்கனியை மூடி ஒரு அறை ஆக்கியதும், பக்கவாட்டில் இழுத்துக் கட்டியதும் பிறகு நடந்ததாம். அதை மாநகராட்சிக்குச் சொல்லவில்லை. "அதெல்லாம் யாரும் வந்து பாக்க மாட்டாங்கம்மா" என்றார் வீட்டுக்காரர், சிரித்துக்கொண்டே.

பார்த்தால்? மறுபடி அளந்து வரி போட்டால் அந்தத் தேதியில் யார் கையில் வீடு இருக்கிறதோ அவர் தலையில்தான் விழும். வரி பாக்கி என்பது ஆளைத் துரத்தாது, வீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்துவிட்டோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது. அதில் பத்திரம், அடமானம் போன்ற பதிவுகள்தான் தெரியும், கட்டாத வரி தெரியாது. இழுத்துக் கட்டிய அறைக்கு அனுமதி இல்லையென்றால் வங்கியிலும் கடன் கேட்கும்போது தகராறு வரும். இத்தனையும் ஒரு கைக்குட்டை அளவு காகிதத்தில் எழுதியிருக்கிறது. நாமோ அதில் ரூபாயை மட்டும் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிடுகிறோம்!

ஐம்பதாயிரம் சட்டைப் பையிலேயே திரும்பி வந்தது. ஓரகத்தி வீட்டில் அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டை நான் வாங்கிக்கொண்டேன். "வரின்னு தனியா ஒரு பத்தி எதுக்கு? வீட்டுக்குன்னு வருஷத்துல என்ன செலவாகும்னு மொத்தமா போட்டுப் பாப்போம்" என்றேன். எனக்குப் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. ஆனால் பால் கணக்கும் கேஸ் கணக்கும் இருபது வருஷமாக எழுதுகிறவளுக்கு இது பெரிய வித்தையில்லை.

ஊராட்சி வீட்டுக்கு வரி 840. அந்தப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னபடி கோடையில் மூன்று மாதம் தண்ணீர் லாரி, மாதம் இரண்டு தடவை, லாரிக்கு 1,200 வீதம் 7,200. கழிவுத் தொட்டி எடுக்க வருஷத்துக்கு 2,000. குடிக்கக் கேன் தண்ணீர் மாதம் பன்னிரண்டு, 35 ரூபாய் மேனிக்கு வருஷத்தில் 5,040. மகளுக்குப் பள்ளிக்கூட வேன் பத்து மாதத்துக்கு 18,000. கூட்டினால் 33,080.

தாம்பரம் ஃப்ளாட்டுக்கு, அதே கட்டிடத்தில் ஒழுங்காக அளவு போட்டிருந்த வீட்டில் கேட்டதில், அரையாண்டு வரி 1,850. வருஷத்துக்கு 3,700. பராமரிப்பு மாதம் 1,500 என்று 18,000. அதிலேயே மோட்டார், லாரித் தண்ணீர், கழிவுநீர் எல்லாம் அடக்கம். கேன் தண்ணீர் இங்கேயும் அதே 5,040. வேன் இல்லை. ஆக 26,740.

வரியில் வித்தியாசம் 2,860 ரூபாய். அதற்காகத்தான் இத்தனை நாளாக மண்டையை உடைத்துக்கொண்டோம். கணக்கைப் புரட்டிப் போட்டது பள்ளிக்கூட வேன். நான்கூட எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் படித்து முடித்த வீடாக இருந்தால் இதே கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும். ஊராட்சிதான் மலிவு என்று முடிந்திருக்கும். அதனால்தான், "அங்கே வாங்கு, இங்கே வாங்காதே" என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. அவரவர் வீட்டு நோட்டில் அவரவர் எழுதிப் பார்க்க வேண்டும்.

ஓரகத்தியின் கணவர் அப்போதுதான் இன்னொன்றைச் சொன்னார். "ஊராட்சி வரின்னு இன்னைக்குக் கம்மியா இருக்கலாம் அண்ணி. நாளைக்கு மாநகராட்சியில சேத்துட்டா?" உண்மைதானே! 2011-ல் சென்னை மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆக விரித்தபோது ஒன்பது நகராட்சி, எட்டு பேரூராட்சி, 25 ஊராட்சி அதற்குள் போயின. சேர்த்தவுடனே பாதாளச் சாக்கடை வந்துவிடும் என்று நினைக்கவும் கூடாது. வரி சீட்டு முன்னால் வரும், குழாய் பல வருஷம் கழித்து வரும். அப்படிக் காத்திருந்தவர்கள் ஏராளம். ஆகவே பெயர்ப் பலகையில் மாநகராட்சி என்று இருந்தாலும், "இந்தத் தெருவில் இணைப்பு இருக்கிறதா?" என்று தெருவைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். சென்னை மாநகராட்சிக்குள்ளே போனால் மாநகராட்சி வரி ஒருபுறம், குடிநீர் வாரியத்துக்குத் தனியாக வரி ஒருபுறம். இரண்டு ரசீதையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

அந்த நோட்டில் நாங்கள் எழுதவே மறந்துபோன வரி ஒன்று இருந்தது. பத்திரச் செலவு! முத்திரைத் தீர்வையும் அதோடு சேர்ந்ததும் 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 45 லட்சத்துக்கு 4,05,000 ரூபாய். வருஷத்துக்கு 2,860 ரூபாய் மிச்சம் பிடிக்க அவசரப்பட்டு ஒரு வீட்டை வாங்கி, சரிப்படாமல் இரண்டு வருஷத்தில் விற்றால், இந்த நாலு லட்சம் திரும்பி வராது. (2025 ஏப்ரலில் இருந்து பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைத்திருக்கிறார்கள். ஆனால் அது 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். சின்ன மனை வாங்குகிற சகோதரிகள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

நாலு லட்சத்தை எழுதிக் காட்டியதும் இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மூலையில் காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தடவிக்கொண்டிருந்த அத்தைதான் பேசினார்.

"தம்பி, எங்க கல்யாணம் ஆன புதுசுல உங்கப்பா ஏழு வீடு மாறினாரு. ஏழும் வாடகை. என்னய யாரு என்ன சொன்னாங்க? நீ திருச்சி வீட்டை விக்காத. ஒரு மழையப் பாத்துட்டு அப்புறம் வாங்கு."

மாமனாரின் ஏழு வீடு சமாசாரம் நான் அதுவரை கேள்விப்படாதது. இவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். விடிந்து எழுந்ததும், "வாடகைக்கு எவ்வளவு கேப்பாங்க தாம்பரத்துல?" என்றார். நான் காப்பியைக் கலந்துகொண்டே, "விசாரிச்சாச் சொல்லுவாங்க" என்றேன். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

கிழக்குத் தாம்பரத்திலேயே தரைத்தளத்தில் 14,000 ரூபாய்க்கு வீடு கிடைத்தது. திருச்சி வீட்டை 9,000-க்கு விட்டோம். ஆக மாதம் ஐயாயிரம் கைப்பிடித்தம். வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர், "சொத்து வரி ஏறினால் வாடகையும் அதற்கேற்ப ஏறும்" என்று ஒரு வரி சேர்க்கப் பார்த்தார். சொத்து வரி வீட்டுக்காரர் பொறுப்பு, வாடகை உயர்வு வருஷத்துக்கு ஒரு தடவை இவ்வளவு சதவிகிதம் என்று மட்டும் எழுதச் சொன்னோம். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். கையெழுத்துப் போடுகிற அவசரத்தில் இதையெல்லாம் யார் படிக்கிறோம்? படியுங்கள்.

ஊரை விட்டு வந்தவர்கள் இன்னொன்றைக் கோட்டை விடுவார்கள். பழைய வீட்டு வரியை. வாடகைக்கு இருப்பவர் கட்டுவார் என்று நாமும், நாம் கட்டுவோம் என்று அவரும் இருந்துவிடுவோம். அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவிகிதம் தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 5,000 வரை. தாமதித்தால் அபராத வட்டி. அந்த அக்டோபரில் நான் தாம்பரத்தில் உட்கார்ந்தபடியே திருச்சி வரியைக் கட்டி எண்பது ரூபாய்ச் சொச்சம் மிச்சம் பிடித்தேன். அன்றைக்கே அந்தப் பணத்துக்கு மல்லிகைப்பூ வாங்கிவிட்டேன் என்பது வேறு விஷயம்!

மழையும் வந்தது. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். காலையில் இருந்து விடாமல் கொட்டியது. எங்கள் தெருவிலும் கணுக்கால் தாண்டித் தண்ணீர். நாங்கள் ஒன்றும் மேட்டில் குடியிருக்கவில்லை. அத்தையின் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம். நல்ல வேளை, வாசலோடு நின்றது. மறுநாள் மதியம் வடிந்தும்விட்டது.

வடிந்த அன்று இவர் "கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து முழங்கால் வரை சேறாக வந்து நின்றார்.

"தெரு முனையோட வண்டி போகல. நடந்து போனேன்" என்றார் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே. "அந்த அம்மா வாசல்ல மோட்டார் வச்சு எறைச்சிக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்து அடையாளம் கண்டுக்கிட்டாங்க. 'பாட்டி முழங்கால் எப்படி இருக்கு'ன்னு கேட்டாங்க."

"அந்த வீடு?"

"வித்துட்டாங்களாம். யாரோ ஓசூர்க்காரங்களாம்."

சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. (கடிதம் எழுதிய சகோதரி, அது உங்கள் சொந்தக்காரர்களாக இருக்காது என்று நம்புகிறேன்.)

இன்னும் நாங்கள் வீடு வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அத்தையும் ஆட்டோவில் ஏறி வந்து விடுகிறார், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேச ஒருவர் வேண்டுமே. நோட்டு இவரிடமே இருக்கிறது. போன வாரம் தூசு தட்டும்போது எடுத்துப் பார்த்தேன். "வரி" என்று இருந்த பத்தியை அடித்துவிட்டு "ரசீதில் அளவு, பெயர், பாக்கி" என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கோடு போட்டு, மேலே அவருடைய கோணல் கையெழுத்தில், "தண்ணி எதுவரை?"

ஓசூர் சகோதரி எந்த வீட்டைப் பார்த்தார், ரசீதில் என்ன இருந்தது என்று எனக்கு எழுதட்டும். அடுத்த இதழில் ஊறுகாய் ஜாடிக்கே திரும்பிவிடுகிறேன். வடு மாங்காய் சீசன் வருகிறது.